ராம்மோனில் நின்றுபோன ரவுட்டர்: என் அனுபவம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் நண்பரின் துணிக்கடை. அங்கிருந்த பழைய சிஸ்கோ ரவுட்டரில் இடம் போதவில்லை என்று ஃபிளாஷ் நினைவகத்தில் இருந்த ஐஓஎஸ் (சிஸ்கோவின் இயங்குதளம்) கோப்பை நானே அழித்தேன், புதியதை ஏற்றி முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. தப்பு என்னுடையதுதான். கரண்ட் வந்தபின் கன்சோலில் (ரவுட்டருக்குக் கட்டளை கொடுக்கும் திரையில்) 'ராம்மோன் 1' என்று ஒரு வரி, பக்கத்தில் மினுக்கும் கர்சர், அவ்வளவுதான். ராம்மோன் என்பது ஐஓஎஸ் கிடைக்காதபோது ரவுட்டர் வந்து நிற்கும் அடிப்படை மீட்பு நிலை.

புதிய கோப்பைக் கன்சோல் கேபிளிலேயே எக்ஸ்மோடம் என்ற பழைய கோப்பு அனுப்பும் முறையில் அனுப்பலாம் என்றால், 9600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 பைட்கூடத் தேறாது, 30 எம்பி கோப்புக்கு எட்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். யார் உட்காருவது? அதனால் டிஎஃப்டிபி, அதாவது நெட்வொர்க் வழியாகக் கோப்பு அனுப்பும் எளிய முறை. லேப்டாப்பில் சர்வரை ஓடவிட்டு, ரவுட்டரின் முதல் ஈதர்நெட் போர்ட்டில் நேரடியாகக் கேபிளைச் செருகி, ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, சர்வர் முகவரி, கோப்பின் பெயர் என ஐந்தையும் 'மாறியின் பெயர்=மதிப்பு' என்ற வடிவில் கொடுத்தேன். இந்த மாறிகளின் பெயர்கள் எல்லாமே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், சமக்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. நேரடி கேபிள்தானே என்று கேட்வேயை விட்டாலும் ஒத்துக்கொள்ளாது.

டைம் அவுட். மூன்று தடவையும் அதேதான்.

"அண்ணே, பசியாறிட்டு வந்து பாருங்களேன்" என்றான் கடைப் பையன். தோசையில் கை வைத்தபோதுதான் உறைத்தது: லேப்டாப்பின் ஃபயர்வால்! டிஎஃப்டிபி பயன்படுத்தும் யுடிபி 69 என்ற போர்ட் அடைபட்டிருந்தது. அதைத் திறந்ததும் திரை முழுக்க ஆச்சரியக்குறிகள் ஓடின, எனக்கும் அதே நிலைதான். ரீசெட் கொடுத்தேன், ஏறிவிட்டது. என்விராமில் (கரண்ட் போனாலும் அழியாத தனி நினைவகத்தில்) இருந்த பழைய கான்ஃபிக், அதாவது ரவுட்டரின் அமைப்புகள், அப்படியே இருந்தது.