எல்சி3 பேண்ட் தடித்துவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள்

லுகேமியா செல்களில் ஆட்டோஃபேஜியை, அதாவது செல் தன் பாகங்களைத் தானே செரிப்பதை, அளக்க வரும் புதியவர்கள், எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பிப்பெட் பிடிப்பது, செல் எண்ணுவது எல்லாம் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

எச்எல்-60-ஐ ஏபிஎல் என்று எழுதுவது

ஆட்ரா (வைட்டமின் ஏ வகை மருந்து) கொடுத்தால், ஆய்வகத்தில் வளர்க்கும் லுகேமியா செல் வகையான எச்எல்-60 அழகாக முதிர்கிறது. அதைப் பார்த்தே பலர் ஏமாந்துபோகிறார்கள். ஏபிஎல்லின் (அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா) அடையாளமான 15, 17 குரோமோசோம் இடமாற்றம் அதில் கிடையாது. ஆகவே அந்த இடமாற்றத்தால் உருவாகும் பிஎம்எல்-ராரா புரதமும் கிடையாது. அந்தப் புரதம் ஆட்டோஃபேஜி வழியாகச் சிதைகிறதா என்பது உங்கள் கேள்வியானால், அந்த இடமாற்றம் உள்ள என்பி4 செல்லை எடுங்கள்.

ஆட்ராவை வெளிச்சத்தில் வைப்பது

வைக்காதீர்கள்.

எல்சி3-2 கூடினால் ஆட்டோஃபேஜி கூடியது என்று முடிவு கட்டுவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். செல், பழுதான தன் பாகங்களை இரட்டைச் சவ்வுப் பையில் அடைத்து, லைசோசோமோடு இணைத்துச் செரிக்கிறது. பை உருவாகும்போது எல்சி3 என்ற புரதத்தின் எல்சி3-1 வடிவம் ஒரு கொழுப்போடு பிணைந்து எல்சி3-2 ஆகிறது. பை செரிமானமாகும்போது அதன் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் எல்சி3-2 கூடவே அழிகிறது. ஆக, வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) எல்சி3-2 பேண்ட் தடிக்கக் காரணம் இரண்டு: பைகள் அதிகம் உருவாகலாம், அல்லது உருவானவை செரிக்காமல் தேங்கலாம். தெருமுனையில் குப்பை குவிந்திருப்பதைப் பார்த்துத் துப்புரவுப் பணி ஜோராக நடக்கிறது என்று யாராவது சொல்வார்களா? வெஸ்டர்ன் பிளாட்டைப் பார்த்தால் மட்டும் சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு மாணவர், என்பி4 செல்லில் ஆட்ராவோடு ஒரு புதிய சேர்மத்தைச் சேர்த்துப் பார்த்தார். எல்சி3-2 பேண்ட் கன்னங்கரேலென்று வந்தது. ‘ஆட்டோஃபேஜியைத் தூண்டி முதிர்ச்சியை வளர்க்கும் சேர்மம்’ என்று போஸ்டரும் தயார். லைசோசோமின் செரிமானத்தை நிறுத்தும் மருந்து பாஃபிலோமைசின்; பிளாட்டில் ஒரு மாதிரி ஓடும் வரிசைதான் லேன். “பாஃபிலோமைசின் லேன் எங்கேப்பா?” என்றேன். “அடுத்த தடவை போட்டுடறேன் சார்.” அந்த அடுத்த தடவை வருவதற்குள் எலிச் சோதனையே ஆரம்பமாகிவிட்டது. கடைசியில் போட்டுப் பார்த்தால், பாஃபிலோமைசின் சேர்த்தும் பேண்ட் கொஞ்சமும் ஏறவில்லை. சேர்மம் எதையும் தூண்டவில்லை, லைசோசோமை அடைத்துக்கொண்டிருந்தது. செல், மருந்து, எலி, மாதக்கணக்கான உழைப்பு எல்லாம் நேர் எதிரான ஊகத்தின் மேல் போயின.

நான்கு லேன் போதும்: ஒன்றும் சேர்க்காதது, மருந்து மட்டும், பாஃபிலோமைசின் மட்டும், இரண்டும் சேர்ந்தது. பாஃபிலோமைசினை 100 நானோமோலார் அளவில், கடைசி 2 முதல் 4 மணி நேரம் மட்டும் கொடுங்கள். இரவு முழுக்க விட்டால் செல்கள் சாகத் தொடங்கும், பிறகு எதை அளக்கிறோம் என்றே தெரியாது. பாஃபிலோமைசின் இருக்கும் இரண்டு லேன்களையும் ஒப்பிடுங்கள். மருந்து சேர்ந்த லேனில் எல்சி3-2 மேலும் ஏறியிருந்தால்தான் பைகள் உண்மையிலேயே கூடுதலாக உருவாகின்றன. ஒப்பீடு, எல்லா லேனிலும் ஒரே அளவில் இருக்க வேண்டிய ஆக்டின் புரதத்தோடு இருக்கட்டும். எல்சி3-1-ஓடு விகிதம் போடாதீர்கள்: அதை ஆன்டிபாடி சரியாகப் பிடிப்பதில்லை, மாதிரியை உறையவைத்து உருக்கினாலே அது குறைந்துவிடும்.

“பி62 குறைகிறதா என்று பார்த்தால் போதாதா?” என்று சிலர் கேட்பார்கள். பைக்குள் போய்ச் செரிமானமாகும் புரதம் அது. வேறு செல்லில் ஓரளவு போதும். இங்கே ஆட்ராவே பி62 மரபணுவின் வெளிப்பாட்டைக் கூட்டுகிறது. செரிமானம் ஒழுங்காக நடக்கும்போதே பி62 ஏறி நிற்கும். அதை அடைப்பு என்று படித்தால் முதல் தவறின் மறுபக்கத்தில் விழுவீர்கள். எம்ஆர்என்ஏ அளவையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சிடி11பி மட்டும் பார்த்து முதிர்ந்துவிட்டது என்பது

சிடி11பி, முதிரும் செல்லின் மேற்பரப்பில் கூடும் புரதம்; ஆன்டிபாடியால் அதை அளக்கிறோம். ஆனால் செத்த செல்லும் ஆன்டிபாடியை ஒட்டிக்கொள்ளும். உயிருள்ள செல்லைப் பிரிக்கும் சாயம் போடுங்கள்; என்பிடி சோதனையும் (முதிர்ந்த செல்லின் ஆக்சிஜன் வினைத்திறனைக் காட்டுவது), கீம்சா சாயத்தில் உட்கரு மடல்களாகப் பிரிந்திருக்கிறதா என்பதும் கூடவே வேண்டும்.

தடுப்பானை மட்டும் நம்புவது

குளோரோகுயின் லைசோசோமின் எல்லா வேலையையும் கெடுக்கும். பை உருவாவதைத் தடுக்கக் கொடுக்கும் 3-எம்ஏ, சத்துள்ள ஊடகத்தில் நீண்ட நேரம் இருந்தால் ஆட்டோஃபேஜியைக் கூட்டவே செய்யும். பை உருவாகத் தேவையான ஏடிஜி5 அல்லது ஏடிஜி7-ஐ மரபணு அளவில் குறைத்துப் பார்க்காமல் ‘ஆட்டோஃபேஜியால்தான்’ என்று எழுத உங்களுக்கு உரிமையில்லை.

எல்லா லுகேமியாவுக்கும் ஒரே பதில் தேடுவது

ஏபிஎல் செல்லில், ஆட்ராவும் ஆர்செனிக் டிரையாக்சைடும் பிஎம்எல்-ராராவைச் சிதைக்க ஆட்டோஃபேஜி துணைநிற்கிறது. ஆட்டோஃபேஜியை அடக்கிவைக்கும் எம்டார் புரதத்தைத் தடுத்து அதைத் தூண்டினால் அந்தச் சிதைவு வேகமாகிறது. பிசிஆர்-ஏபிஎல் என்ற இணைவுப் புரதம் (இந்த ‘ஏபிஎல்’ வேறு) உள்ள நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவிலோ, அந்தப் புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப் கொடுத்தால் செல்லுக்கு ஆட்டோஃபேஜியே உயிர்காக்கும் வழியாகிவிடுகிறது. அதை அடைத்தால் மருந்து கூடுதலாகக் கொல்கிறது. இமாட்டினிப்போடு ஹைட்ராக்சிகுளோரோகுயினைச் சேர்த்து நோயாளிகளிடம் சோதித்ததன் அடிப்படை இதுதான். அதே எண்ணத்தில், என்பி4 செல்லுக்கு ஆட்ராவோடு குளோரோகுயினைச் சேர்த்துவிட்டு “ஏன் சார் முதிரவே மாட்டேங்குது?” என்று கேட்டு வராதீர்கள்.