துருப்பிடித்த ட்ரவலர் வாங்கும் முன்பும் விற்கும் முன்பும்

பின்பக்கம் மரச்சட்டம் வைத்த பழைய பிரிட்டிஷ் கார், மொரிஸ் மைனர் ட்ரவலர் ஒன்று விலைக்கு வருகிறது என்றால், நான் முதலில் கேட்பது "இத்தனை வருஷமும் எங்கே நின்றது?" என்றுதான். என்ஜினைப் பற்றிப் பிறகு கேட்கலாம். எங்கள் இலங்கை மலைநாட்டில் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் அடை மழை. அங்கே தார்ப்பாய் போட்டு மூடிவைத்த வண்டியில் ஈரம் உள்ளேயே தங்கி, தகரம் அடியிலிருந்து உதிரும். மழை குறைந்த பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் கொட்டகையில் நின்றதென்றால் அடுத்த பஸ்ஸிலேயே போய்ப் பார்ப்பேன். அப்புறம், பின்னால் என்ன ஏற்றினார்கள் என்றும் கேளுங்கள். மரக்கறி மூட்டை பரவாயில்லை. உர மூட்டை ஏற்றியிருந்தால், சிந்திய உரம் ஈரத்தோடு சேர்ந்து தரைத் தகட்டைத் தின்றிருக்கும்.

ட்ரவலர் 1953இல் வந்து 1971 வரை தயாரானது. அதன் பின்பக்க மரச்சட்டத்தை அலங்காரம் என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். பின்கூரையும் பக்கத் தகடுகளும் அதன் பலத்தில்தான் நிற்கின்றன. பக்கக் கண்ணாடி ஓடும் தடத்தில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். அதற்கு நேர் கீழே உள்ள மரத்தை ஸ்குரூட்ரைவர் முனையால் அழுத்துங்கள். பஞ்சு மாதிரி உள்ளே போனால், தகர வேலை செய்யும் டிங்கர் பாஸுக்கு முன்னால் நல்ல தச்சர் ஒருவரைத் தேட வேண்டும். நான் தேக்கில்தான் செய்விக்கிறேன். மலிவு மரம் இந்தக் குளிரில் இரண்டே மழைக்காலத்தில் முறுக்கிக்கொள்கிறது.

என் அப்பா தலவாக்கலையில் தோட்டத்து லொறி ஓட்டியவர். "மேல பாக்காதடா, அடியில படுத்துப் பாரு" என்பார். ஒருமுறை அவர் பேச்சைக் கேட்கவில்லை. அடியில் புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளத்ததைப் பார்த்து முற்பணம் கொடுத்துவிட்டேன். கராஜில் சுரண்டினால் ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டியும் பேப்பரும்தான் வந்தன. அதைத் தேற்ற எட்டு மாதம் ஆனது. இப்போது சட்டைப் பையில் காந்தம் இல்லாமல் போவதில்லை. ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. பின் ஸ்பிரிங் பட்டைகளைப் பிடித்திருக்கும் இடத்தையும் ஜாக்கி வைக்கும் இடத்தையும் துரு இருக்கிறதா என்று சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் மூட்டுக்கு வருஷக்கணக்கில் கிரீஸ் போடாமல் விட்டிருந்தால், ஏதாவது ஒரு வளைவில் சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்துவிடும். எங்கள் ரோட்டில் வளைவுக்கா பஞ்சம்?

என்ஜின் சாமான் கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடினால் கிடைக்கும். வண்டியின் பதிவுப் புத்தகம் கிடைக்காது. செசி நம்பரையும் என்ஜின் நம்பரையும் அந்தப் புத்தகத்தோடு நீங்களே ஒப்பிடுங்கள். பெயர் மாற்றாமலே கைமாறிக் கைமாறி ஓபன் பேப்பரில் வந்த வண்டியென்றால், புத்தகத்தில் பெயர் உள்ளவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

விற்கும்போது துருவை மறைக்காதீர்கள். வாங்குகிறவர் அதைத் திருத்தத்தான் வருகிறார். ஓட்டையைக் கிட்ட வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். கழற்றிய கைப்பிடி, விளக்கு வளையம், கண்ணாடிக் கொக்கி எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதி ஒரே பெட்டியில் போட்டு, வண்டியோடு சேர்த்துக் கொடுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் எந்த வண்டியை விற்க வைத்தாலும் விலை போனது. 2025இல் இறக்குமதி திரும்பத் தொடங்கியதும் ஓட்ட மட்டும் வண்டி கேட்டவர்கள் புதியவற்றின் பக்கம் போய்விட்டார்கள். அதனால் மெதுவாகவே விற்கிறேன். கடைசி வண்டியை வெலிமடை ஆசிரியர் ஒருவர் மூன்று தடவை வந்து பார்த்தார். மூன்றாவது தடவை அவரே ஒரு காந்தம் கொண்டுவந்திருந்தார். அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டேன்.