பழைய பட்டன் ஃபோனில் சீரியல் வழியாக ஃபர்ம்வேர் ஏற்றுவது எப்படி?

சுங்கை சிப்புட் பக்கம் வீட்டு இழுப்பறையைக் குடைந்தால் ஒரு பழைய மோட்டோரோலா பட்டன் ஃபோன் கைக்குத் தட்டுப்படும். சி115, சி118, சி123 என்று 2005 வாக்கில் வந்த சின்ன ஃபோன்கள். தோட்டத்து மண்டோர் சட்டைப் பையிலும் இருந்தது, வெட்டுக்குப் போகிறவர்கள் கைலி மடிப்பிலும் இருந்தது. அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கட்டளைத்திரையில் ஃபர்ம்வேர், அதாவது ஃபோனையே ஓட்டும் அடிப்படை மென்பொருள், ஏற்றப் பழகுவதற்கு அதைவிடத் தோதான ஃபோன் இல்லை.

எங்கள் தாமான் பையன்கள் "அண்ணே, ஃபோனுக்கு சாஃப்ட்வேர் ஏத்தறது எப்படி?" என்று கேட்டுக்கொண்டே அம்மாவின் ஆண்ட்ராய்டு ஃபோனை நீட்டுகிறார்கள். வேண்டாம் தம்பி. அதில் நாம் எழுதுவது ஃபிளாஷ் என்ற நிரந்தர நினைவகத்தில் போய் உட்கார்ந்துவிடும். பாதியில் கேபிள் ஆடினால் ஃபோன் விழிக்காமல் வெறும் செங்கல்தான். இந்த மோட்டோரோலாவில் நாம் ஏற்றப்போவது ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் மட்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பழைய மோட்டோரோலா திரை ஒன்றும் நடக்காதது போல வந்து நிற்கும். எத்தனை முறை சொதப்பினாலும் காசு நஷ்டம் கிடையாது.

இந்த ஃபோன்களுக்குள் இருப்பது டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த கலிப்சோ சிப். அதற்கென்று 2010இல் தொடங்கிய ஆஸ்மோகாம்பிபி என்ற திறமூலத் திட்டம் இருக்கிறது. நாம் பயன்படுத்தப்போகும் ஆஸ்மோகான் என்ற கட்டளைக் கருவி அதன் பகுதிதான். கணினியில் உட்கார்ந்துகொண்டு சீரியல் கம்பி வழியாக ஃபோனோடு பேசி, கோப்பை உள்ளே தள்ளுவது அதன் வேலை.

கட்டளைகளை வாயால் சொல்வது போலத் தமிழிலேயே எழுதுகிறேன். திரையில் அவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

சாமான்கள்

ஃபோனின் பேட்டரியைக் கழற்றினால் அடியில் மாடல் எண் இருக்கும். சி115, சி117, சி118, சி121, சி123 இவற்றில் எது இருந்தாலும் சரி. வீட்டில் இல்லையென்றால் ஞாயிறு காலை ஈப்போ பாசார் காராட் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதைத் தொட வேண்டாம், வேறு பேட்டரி தேடுங்கள். சிம் அட்டை தேவையில்லை.

அடுத்து யூஎஸ்பி-டிடிஎல் அடாப்டர். சிபி2102 அல்லது சிஎச்340 சிப் வைத்த சின்னப் பலகை, இணையக் கடையில் பத்து வெள்ளி அக்கம்பக்கத்தில் கிடைக்கும். அப்புறம் 2.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஜாக். சாதாரண ஹெட்ஃபோன் ஜாக் 3.5, அது இதில் நுழையாது. இந்த ஃபோன்களில் சீரியல் போர்ட் தனியாக இல்லை, ஹெட்செட் மாட்டும் ஓட்டையிலேயே ஒளிந்திருக்கிறது. ஈயம் வைக்கத் தெரியாதவர்கள் டி191 கேபிள் என்று தேடினால் ஜாக் வைத்த ஆயத்தக் கேபிளே கிடைக்கும்.

கணினியில் லினக்ஸ் இருக்க வேண்டும். டெபியன், உபுண்டு எது இருந்தாலும் போதும்.

கம்பி: பாதி வேலை இங்கேதான்

ஏறவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கட்டளையில் கோளாறு இருப்பதில்லை. கம்பியில்தான் இருக்கும். அதனால் இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள்.

முதலில் மின்னழுத்தம். ஃபோனின் சீரியல் கோடு ஏறக்குறைய 2.8 வோல்ட்டில் ஓடுகிறது. 3.3 வோல்ட் அடாப்டரை அது தாங்கும், 5 வோல்ட்டைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம். பலகையில் ஜம்பர் இருந்தால் 3.3 பக்கம் மாற்றுங்கள். ஜம்பரை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரை எடுத்து, டிஎக்ஸ் (அனுப்பும்) ஊசிக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது 3.3 காட்ட வேண்டும். பழைய மேசைக் கணினியின் பின்னால் உள்ள 9 ஊசி சீரியல் போர்ட்டில் நேராக மாட்டிவிடாதீர்கள். அது கூட்டல் கழித்தல் 12 வோல்ட் வரை போகும், ஃபோன் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து அடாப்டரைத் தனியாகச் சோதியுங்கள். ஃபோனை மாட்டாமல், டிஎக்ஸ் ஊசியையும் ஆர்எக்ஸ் (வாங்கும்) ஊசியையும் ஒரு சின்னக் கம்பியால் சேர்த்துவிட்டு யூஎஸ்பியில் செருகுங்கள். திரையில் 'டிமெசக்' அடித்தால் கடைசி வரிகளில் 'டிடிஒய்யூஎஸ்பி0' என்று ஒரு பெயர் வரும். அதுதான் இனி நம் போர்ட். 'பிகோகாம்' என்ற சின்ன டெர்மினல் நிரலை நிறுவி, 'பிகோகாம் ஹைஃபன் பி 115200' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு 'டெவ்' அடைவுக்குள் இருக்கும் அந்தப் போர்ட்டின் முழுப் பாதையைக் கொடுங்கள். இப்போது நீங்கள் அடிக்கும் எழுத்து அப்படியே திரும்பி வர வேண்டும். சேர்த்த கம்பியை எடுத்தால் நின்றுவிட வேண்டும். இரண்டும் நடந்தால் அடாப்டர் நல்லது. வெளியே வர, கன்ட்ரோல் விசையோடு ஏ, பிறகு கன்ட்ரோலோடு எக்ஸ்.

அனுமதி இல்லை என்று சொன்னால் உங்கள் பயனர் பெயரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்துவிட்டு, ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். உபுண்டு 22.04 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. போர்ட் தோன்றிய கையோடு மறைந்துவிடும். பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் திரைகளுக்கான 'பிஆர்எல்டிடிஒய்' என்ற நிரல், நம் அடாப்டரைப் பிரெயில் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. உங்களுக்கு அந்த நிரல் தேவைப்படாவிட்டால் நீக்கிவிடுங்கள். 'மோடம்மேனேஜர்' என்ற சேவையும் சும்மா இராமல் போர்ட்டுக்குள் ஏதாவது எழுதிப் பார்க்கும். வேலை முடியும் வரை அதையும் நிறுத்தி வைப்பது நல்லது.

இப்போது ஜாக். அடிப்பகுதி உலோகம் கிரவுண்டு. நுனியும் நடு வளையமும்தான் மற்ற இரண்டு கோடுகள். எது எது என்று படம் தேடி அலைய வேண்டாம், ஃபோனையே கேட்டுவிடலாம். கிரவுண்டைக் கிரவுண்டோடு சேருங்கள். அடாப்டரின் ஆர்எக்ஸை மட்டும் நுனியில் கொடுங்கள். பிகோகாமை 115200இல் திறந்து வைத்துக்கொண்டு, அணைந்திருக்கும் ஃபோனின் பவர் பட்டனை லேசாகத் தட்டுங்கள். ஃபோன் விழிக்கும்போது 7 பைட்டுகள் அனுப்பும். பெரும்பாலானவை திரையில் தெரியாத குறிகள், ஆனால் நடுவில் ஆங்கிலப் பெரிய ஏ எழுத்தும் மின்னஞ்சலில் வரும் அட் குறியும் எட்டிப் பார்க்கும். நுனியில் ஒன்றும் வரவில்லையென்றால் வளையத்துக்கு மாற்றித் தட்டுங்கள். எதில் எழுத்து வருகிறதோ அது ஃபோன் பேசும் கோடு, அதில் ஆர்எக்ஸ். மிச்சமுள்ளதில் டிஎக்ஸ். அடாப்டரில் மின்சாரம் தரும் விசிசி ஊசியை எதிலும் மாட்டாதீர்கள், ஃபோனுக்கு அதன் பேட்டரி போதும்.

கருவியைக் கட்டுவது

இது நீளமாகத் தெரிந்தாலும் காத்திருப்பதுதான் வேலை. 'ஆப்ட் இன்ஸ்டால்' மூலம் 'பில்ட்-எசென்ஷியல்', 'ஜிட்', 'ஆட்டோகான்ஃப்', 'லிப்டூல்', 'பிகேஜி-கான்ஃபிக்', 'லிப்டாலாக்-டெவ்', 'லிப்ஆஸ்மோகோர்-டெவ்' ஆகியவற்றை நிறுவுங்கள். நிரலை ஃபோனின் சிப்புக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் 'ஜிசிசி-ஆர்ம்-நன்-ஈஏபிஐ' என்ற பெயரில் தனிப் பொதியாக இருக்கிறது, அதையும் சேருங்கள். ஆஸ்மோகாம் திட்டத்தின் ஜிட் சர்வரிலிருந்து 'ஆஸ்மோகாம்-பிபி' களஞ்சியத்தைக் குளோன் செய்து (நகலெடுத்து), அதன் 'எஸ்ஆர்சி' அடைவுக்குள் போங்கள்.

வெறும் 'மேக்' அடித்தால் நமக்கு இப்போது வேண்டாத பகுதிகளையும் கட்டப் பார்த்து எங்காவது முட்டி நிற்கும். 'மேக் ஆஸ்மோகான்' என்றும் 'மேக் ஃபர்ம்வேர்' என்றும் தனித்தனியாக அடியுங்கள். இரண்டாவதில் 'கிராஸ்_டூல்_பிரிஃபிக்ஸ்' மாறிக்கு 'ஆர்ம்-நன்-ஈஏபிஐ-' என்று கடைசி ஹைஃபனோடு கொடுக்க வேண்டும். இந்த மாறியின் பெயர் மட்டும் பெரிய எழுத்தில்.

முடிந்ததும், 'டார்கெட்', 'ஃபர்ம்வேர்', 'போர்ட்' என்று உள்ளே போய் 'காம்பல்_ஈ88' அடைவைத் திறந்தால் கோப்புகள் வரிசையாக நிற்கும். முதல் தடவைக்கு 'ஹலோ_வேர்ல்ட் புள்ளி காம்பல்ரேம் புள்ளி பின்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் 'காம்பல்ரேம்' இருக்கிறதா என்று பாருங்கள். ரேமில் ஏறுவது அதுதான். பக்கத்திலேயே பெயரில் 'ஃபிளாஷ்' என்று வருகிற கோப்புகள் இருக்கும், அவற்றின் பக்கம் போகாதீர்கள்.

ஏற்றுவது

பிகோகாமை மூடுங்கள். ஒரே போர்ட்டை இரண்டு பேர் பிடித்தால் இருவருக்கும் பாதிப் பாதி எழுத்துதான் போகும்.

'எஸ்ஆர்சி' அடைவிலிருந்து 'ஹோஸ்ட்', 'ஆஸ்மோகான்' என்று உள்ளே போய், 'புள்ளி, சாய்வுக்கோடு, ஆஸ்மோகான்' என்று தொடங்கி மூன்று விவரம் கொடுங்கள். 'ஹைஃபன் பி' போட்டுப் போர்ட்டின் பாதை. 'ஹைஃபன் எம்' போட்டு 'சி123எக்ஸ்ஓஆர்'. கடைசியாக அந்த ஹலோ வேர்ல்ட் கோப்பின் பாதை. என்டர் தட்டினால் திரை சும்மா காத்திருக்கும். அது சரிதான்.

இப்போது பவர் பட்டன். அழுத்திப் பிடிக்கக் கூடாது, தட்டிவிட்டு எடுத்துவிட வேண்டும். அழுத்திக்கொண்டே இருந்தால் ஃபோன் தன் வழக்கமான மென்பொருளுக்குப் போய்விடும். நமக்கு வேண்டியது விழித்தவுடன் அது "யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்கும் அந்தச் சின்ன இடைவெளி மட்டும்.

பிடித்துவிட்டால் திரையில் வரிகள் ஓடும். 'ப்ராம்ட் 1', அதாவது ஃபோனின் அந்தக் கேள்வி, வந்தது என்று ஆஸ்மோகான் ஆங்கிலத்தில் சொல்லும். நாம் பதில் கொடுத்ததும் ஃபோன் இரண்டாவது ப்ராம்ட்டை அனுப்பும். அப்புறம் கோப்பு துண்டு துண்டாகப் போகும். முடிவில் 'டவுன்லோட் ஆக்' என்ற ஒப்புதல் வந்து, உங்கள் நிரல் இப்போது ஓடுகிறது என்று ஆச்சரியக்குறியோடு சொல்லும். ஃபோன் திரையில் 'ஹலோ வேர்ல்ட்' தெரியும். ஃபோனில் ஒரு எண்ணைத் தட்டுங்கள், எந்த விசை என்று கணினித் திரையில் வரி விழும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இது. இருபது வயது ஃபோன் நாம் கட்டிய நிரலைக் கேட்டு நடக்கிறது.

பிடிக்கவில்லையென்றால், எதுவரை போய் நின்றது என்று பாருங்கள். ஒரு வரியும் வரவில்லையா? ஃபோனிலிருந்து கணினிக்கு வரும் கோடு அறுந்திருக்கும், அல்லது பேட்டரி காலி. முதல் ப்ராம்ட் மறுபடி மறுபடி வந்து அதற்கு மேல் நகரவில்லையா? ஃபோன் பேசுவது நமக்குக் கேட்கிறது, நாம் பேசுவது அதற்குப் போகவில்லை. டிஎக்ஸ் கம்பியைப் பாருங்கள். கோப்பு முழுதும் போய்க் கடைசியில் 'நாக்' என்ற மறுப்பு வந்தால் ஃபோன் சரிபார்ப்புக் கூட்டலை ஏற்கவில்லை என்று பொருள். 'சி123எக்ஸ்ஓஆர்' இடத்தில் வெறும் 'சி123' போட்டுப் பாருங்கள். ஜாக் ஓட்டைக்குள் பச்சைப் பாசி பிடித்திருந்தாலும் இப்படி நடுவில் அறுபடும். நம் ஊர் ஈரத்துக்கு அது சகஜம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள்.

மதியம் நான்கு மணிக்கு இடியோடு மழை இறங்கினால் மடிக்கணினி சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். மின்சாரத்துக்காக இல்லை, மின்னலுக்காக.

அடுத்தது

கோப்பை உள்ளே வாங்கும் ஃபோனின் லோடர் ஒரே மூச்சில் 64 கிலோபைட் வரைதான் வாங்கும். அதைவிடப் பெரிய நிரல்களுக்கு 'ஹைஃபன் சி' என்ற விவரத்தையும் சேர்த்து, பெயரில் 'ஹைரேம்' உள்ள கோப்பைக் கொடுங்கள். முதலில் ஒரு குட்டி லோடர் ஏறும், அது பெரிய கோப்பை வாங்கிக்கொள்ளும்.

ஒலிபரப்புப் பகுதி இந்த நிரல்களில் இயல்பாகவே அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஃபர்ம்வேரின் மேக்ஃபைலில் ஒரு வரியை மாற்றினால் திறந்துவிடும் என்று யாராவது சொல்லித் தருவார்கள். திறக்காதீர்கள். உரிமம் இல்லாமல் கைப்பேசி அலைவரிசையில் ஒலிபரப்பினால் மலேசியாவின் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம் குறுக்கே வரும். விளையாட்டாகச் செய்தேன் என்று மல்டிமீடியா ஆணையத்திடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மீடியாடெக் சிப் உள்ள ஃபோன்களுக்குப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் கைகொடுக்கும். அங்கேயும் ஃபோன் விழிக்கும் நொடியில் ஒரு கைகுலுக்கல் உண்டு. கணினி 4 பைட்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பும், ஃபோன் ஒவ்வொன்றின் பிட்டுகளிலும் 0ஐ 1ஆகவும் 1ஐ 0ஆகவும் மாற்றித் திருப்பித் தரும். ஆனால் அங்கே எழுதினால் ஃபிளாஷில் எழுதியதுதான். அதனால் அந்த ஃபோனில் நீங்கள் கொடுக்கும் முதல் கட்டளை படிக்கும் கட்டளையாக இருக்கட்டும். முழு ஃபிளாஷையும் கணினியில் ஒரு கோப்பாக இறக்கி, இரண்டாம் முறையும் இறக்கி, கோப்புக்குக் கைரேகை போல ஓர் எண் தரும் 'எஸ்எச்ஏ256சம்' கட்டளையை இரண்டுக்கும் போட்டு ஒப்பிடுங்கள். நடுவில் ஃபோன் ஆண்ட்ராய்டுக்குள் போய்வராமல் இரண்டையும் ஒரே மூச்சில் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் தரவு மாறிவிடும். எண்கள் ஒன்றாக வராத வரை எழுதும் கட்டளையைத் தொட வேண்டாம்.