ராணுவ வண்டியில் ஹீட்டர், ஏசி: எங்கே தொட்டுப் பார்ப்பது?

ராணுவ வண்டி என்றதும் உள்ளே ஏதோ தனி விஞ்ஞானம் ஓடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். லடாக்கில் ஏறுகிற லாரியின் கேபினுக்குள் வரும் சூடு, நம்ம ஊர் பஸ்ஸின் ரேடியேட்டர் வீணாக வெளியே தள்ளுகிற அதே சூடுதான். இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவமான கூலண்டில் கொஞ்சத்தைத் திருப்பி, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டர் ஒன்றுக்குள் விட்டு, அதன் மேல் புளோயர் என்ற ஃபேன் காற்றடிக்கிறது. ஹீட்டர் என்பது அவ்வளவுதான்.

அதனால் சூடு வரவில்லை என்றால் எதையும் கழற்றாதீர்கள். கால் மணி நேரம் வண்டியை ஓட்டிவிட்டு வந்து, ஹீட்டருக்குப் போகிற ஹோஸ் (ரப்பர் குழாய்), திரும்புகிற ஹோஸ் இரண்டையும் தொட்டுப் பாருங்கள் (ஃபேன் பெல்ட் பக்கம் கை போகாமல்). இரண்டும் சுட்டால் கோளாறு புளோயரிலோ அதன் ஃபியூஸிலோ. ஒன்று சுட்டு மற்றது சில்லென்று இருந்தால் ஹீட்டர் வால்வு மூடியிருக்கும், இல்லையென்றால் உள்ளே அடைப்பு அல்லது ஏர் லாக் (குழாயில் சிக்கிய காற்று). இரண்டுமே வெதுவெதுப்பு என்றால், கூலண்ட் ரேடியேட்டருக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கலாம். நிறுத்தி வைத்து ஐட்லிங்கில் ஓடவிட்டால் டீசல் இன்ஜின் லேசில் சூடேறாது, அதையும் கணக்கில் வையுங்கள். குளிரில் ரேடியேட்டருக்குப் பாதி தார்ப்பாய் கட்டுவது பழைய வழக்கம், ஏற்றம் வந்ததும் மறக்காமல் அவிழ்க்க வேண்டும்.

நிறைய பேர் தப்பு செய்கிற இடம் கூலண்ட். குளிர் அதிகம் என்று தண்ணீரே கலக்காமல் ஊற்றுவார்கள். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் தண்ணீர் கலக்காமல் இருந்தால் மைனஸ் 13 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால்தான் மைனஸ் 37 வரை தாங்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லடாக்கின் லே நகரில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் வண்டி தப்பிக்கிறது. அந்த ரப்பர் கெட்டால் அழுத்தம் போய்விடும், வெளியே பனி கொட்டும்போதே ஏற்றத்தில் இன்ஜின் கொதிப்பது இப்படித்தான், போதாததற்கு மேலே காற்றும் மெலிந்துவிடுகிறது.

சரி, காலையில் இன்ஜினே கிளம்பவில்லை என்றால்? டீசலில் மெழுகு கட்டியிருக்கும். இதற்காகவே இந்தியன் ஆயில் 2019-இல் மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய குளிர்கால டீசலை லடாக்குக்குக் கொண்டுவந்தது. அது போதாத இடத்தில் டீசலையே எரித்துக் கூலண்டைச் சூடாக்கும் தனி ஹீட்டர் உண்டு. ஆவடியில் தயாரான டி-72 டாங்கியிலும் அப்படி ஒன்று இருக்கிறது, இன்ஜினைக் கிளப்பும் முன் அதைத்தான் எரியவிடுவார்கள். லாரியில் இருக்கும் இந்த வகை ஹீட்டரை அணைத்த கையோடு பேட்டரி மெயின் சுவிட்சைத் தட்டிவிடாதீர்கள். அதன் ஃபேன் இன்னும் சில நிமிடம் ஓடி, சூட்டை வெளியேற்ற வேண்டும். புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் ஹீட்டரைப் போடவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிற ஆள் எழுந்திருக்க மாட்டார்.

ஏசி கதை வேறு. அது உள்ளே இருக்கும் சூட்டை வாரி வெளியே கொட்டுகிற வேலை, கவச வண்டியில் கொட்ட இடமே கிடையாது. நாள் முழுக்க வெயில் குடித்த இரும்பு, பக்கத்திலேயே இன்ஜின், ரேடியோப் பெட்டிகள், மூடிய ஹேட்ச் (மேல் கதவு). அமெரிக்க ஏப்ரம்ஸ் டாங்கியின் எம்1ஏ2 செப் ரகத்தில் வைத்த குளிரூட்டும் அமைப்பின் முதல் கவலையே மின்னணுப் பெட்டிகள்தான், ஆட்களுக்கு 35 டிகிரிக்குள் இருந்தால் போதும் என்று கணக்கு. மெஷினுக்கு அப்புறம்தான் மனுஷன்!

ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் கவசக் கம்பிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் தூசி அப்பிக்கொள்ளும். ஏசி மந்தமானால் கேஸ் அடிக்க ஓடாமல் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள், காற்று வழக்கமாகப் போகிற திசைக்கு எதிராக, உள்ளிருந்து வெளியே. பிரஷர் வாஷர் வேண்டாம், ஃபின் என்ற மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். ஏசி கம்ப்ரசரை இன்ஜினோடு இணைக்கும் மின் கிளட்ச்சை மாற்றினால் வோல்டேஜைப் பார்த்து வாங்குங்கள். இந்த வண்டிகள் பெரும்பாலும் 24 வோல்ட், கார் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் சரக்கை மாட்டினால் அன்றைக்கே கருகிவிடும்.