வீடு நிறைந்திருக்கும் விடுமுறையில் மனத்தைக் கவனித்துக்கொள்ளும் வழிகள்

ஓகஸ்ட் விடுமுறை தொடங்கினால் திருகோணமலையில் உறவினர் வந்து இறங்காத வீடு குறைவு. மார்கழியில் கொந்தளிக்கும் நிலாவெளிக் கடல் இந்த மாதங்களில் அடங்கிக் கிடப்பதால், கொழும்பு, யாழ்ப்பாண உறவுகளோடு கனடாவிலும் இலண்டனிலும் வாழ்பவர்களும் இதே நாட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நால்வர் வாழும் வீட்டில் பதினான்கு பேருக்குப் பாய் விரிக்க வேண்டியிருக்கிறது. வருபவர்களுக்கு அது விடுமுறை. வீட்டில் இருப்பவர்களுக்கு, குறிப்பாக அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு, அது ஆண்டிலேயே மிகவும் களைப்பான காலம். ஆகவே மனத்தைக் காப்பதற்கான ஏற்பாடுகளை, உறவினரின் வான் வண்டி வாசலில் வந்து நிற்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

முதலில் வேலையைப் பங்கிடுங்கள். "யாராவது உதவி செய்யுங்கோ" என்று பொதுவாகச் சொன்னால் ஒருவரும் எழும்பமாட்டார்கள். "நாளைக் காலையில் தேங்காய் துருவுவது தம்பியின் பொறுப்பு, பாத்திரம் கழுவுவது பெரிய பிள்ளைகளின் பொறுப்பு" என்று ஆளையும் வேலையையும் குறித்துச் சொன்னால் மறுப்பவர் அரிது. விருந்தினரிடம் வேலை வாங்குவது மரியாதைக் குறைவு என்று நம் தாய்மார் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு வாரம் தங்குபவர் விருந்தினர் அல்லர், வீட்டு மனிதர். இரண்டு நாளுக்கு ஒரு வேளையாவது கடையில் சாப்பாடு எடுத்துக்கொள்வதில் எந்தக் குற்றமும் இல்லை.

பயணத் திட்டத்தில் ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். ஓர் ஆண்டு நாங்கள் காலையில் புறாத்தீவுக்குப் படகில் போய், நண்பகலில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் மாலையில் கோட்டைக்குள் இருக்கும் கோணேஸ்வரம் கோயிலுக்கும் ஓடினோம். கச்சான் காற்றின் வெக்கையில் பிள்ளைகள் அழ, பெரியவர்கள் ஒருவரோடொருவர் முகம் கொடுக்காமல் வீடு திரும்பினோம். அன்றிலிருந்து கோணேஸ்வரத்துக்குச் சூரியன் ஏறுமுன் போய், கோட்டைக்குள் மான்களைப் பார்த்துக்கொண்டு மெதுவாக இறங்கி வருகிறோம். மதியம் இரண்டு மணி நேரம் வீட்டில் எல்லோரும் படுத்திருக்க வேண்டும் என்பது இப்போது சட்டம். எல்லாப் பயணத்துக்கும் எல்லோரும் போக வேண்டியதில்லை என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கென்று நாளில் இருபது நிமிடமேனும் ஒதுக்குங்கள். வீடு விழிக்குமுன் டச் பே கடற்கரையில் தனியே நடந்துவிட்டு வந்தால், அதன் பின் வரும் பத்து மணி நேரச் சத்தத்தைத் தாங்க முடிகிறது. வெளியே போக முடியாவிட்டால் கிணற்றடியில் நின்று, மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்துச் சில நிமிடம் சுவாசியுங்கள்; படபடப்புத் தணியும்.

வெளிநாட்டிலிருந்து வந்தவரின் எரிச்சலுக்குப் பல வேளைகளில் காரணம் தூக்கமே. இந்தக் காலத்தில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. உடல் அதைச் சரிசெய்ய ஒரு வாரமேனும் எடுக்கும். முதல் மூன்று நாட்களில் விருந்தோ நீண்ட பயணமோ வைக்காதீர்கள். காணி, வீட்டுப் பங்கு பற்றிய பேச்சை அந்த வாரத்தில் எடுக்கவே கூடாது. அதற்குச் சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் இருக்கும் ஒரு தனி நாளைக் குறியுங்கள்.

கலியாணம் எப்போது, பிள்ளை ஏன் இன்னும் இல்லை என்ற கேள்விகள் வரத்தான் செய்யும். "அதைப் பிறகு கதைப்பம் மாமி" என்ற ஒரு வரியை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். அந்த வரியைக் கேட்டவுடன் பேச்சைத் திருப்பிவிடும்படி அக்காவையோ மச்சாளையோ கேட்டு வைத்திருப்பது இன்னும் நல்லது.

இந்த ஊருக்கே உரிய ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையைச் சுனாமி அலை அடித்தது. அன்று உறவை இழந்தவர் கடலுக்கு வர மறுத்தால், "இவ்வளவு காலம் போயிற்றே, வா, ஒன்றும் நடக்காது" என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவரோடு வீட்டில் தங்க ஒருவர் இருக்கட்டும். கன்னியாவும் அப்படிப்பட்ட இடமே. இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியதாக ஐதீகம் சொல்லும் அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகள் பிள்ளைகளுக்கு விளையாட்டு, ஆனால் சென்ற ஆண்டு தாயை இழந்து, அந்தியேட்டி என்னும் இறப்புக் கிரியையை நினைத்துக்கொண்டு அங்கே நிற்கும் ஒருவருக்கு அது வேறு இடம். அவர் ஒதுங்கி அழ விரும்பினால் விடுங்கள். இரவில் முற்றத்தில் இருந்து இறந்தவர்களைப் பற்றிப் பெயர் சொல்லிக் கதைப்பதால் விடுமுறை கெட்டுவிடாது. கதைக்காமல் மூடி வைப்பதே பலருக்குப் பாரமாகிறது.

மனநலத்துக்காகக் குளிசை எடுப்பவர் அதைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும், உறவினர் சொன்னதைக் கேட்டு ஒருபோதும் தாமாக நிறுத்தக் கூடாது. மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் குளிசை எடுப்பவர் இந்த வெயிலில் தண்ணீர் குடிக்க மறந்தால் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறி ஆபத்தாகும். தூக்கமின்மையோ துயரமோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திராமல் தேசிய மனநல உதவி இலக்கமான 1926 ஐ அழையுங்கள், அருகில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

எல்லோரும் புறப்பட்ட மறுநாள் விரிப்புகளைத் துவைக்கத் தொடங்காதீர்கள். அன்று ஓய்வெடுங்கள், வீடு திடீரென்று வெறுமையாகிப் போன அம்மம்மாவின் பக்கத்தில் இருந்து, பிள்ளைகள் விமானத்தால் இறங்கியதும் அவருக்கு முதலில் அழைப்பு எடுக்கும்படி சொல்லி வையுங்கள்.