ஆச்சி வீட்டுக்கு எத்தனை கல்? கதையும் வேடமுமாக ஒரு கணக்கு வகுப்பு

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்ததிலிருந்து கதையும் பாட்டும் பொம்மலாட்டமும் பாடவேளைக்குள்ளேயே வந்துவிட்டன. ஆனாலும் வேடமிட்டு நடிப்பது என்றதும் புது ஆசிரியர்கள் ஆண்டுவிழா நாடகத்தைத்தான் நினைக்கிறார்கள். மனப்பாட வசனமே வேண்டாம். வேடத்தில் இருக்கும் பிள்ளை தானே ஒரு கணக்கைத் தீர்க்க வேண்டும். காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த ஆத்தங்குடிக் கல்லை, அதாவது வீட்டுத் தரையில் பதிக்கும் வண்ண ஓட்டை வைத்து, மூன்றாம் வகுப்புப் பெருக்கலை இப்படி நடத்தலாம்.

படி 1. தரையில் சாக்பீஸால் 6 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஓர் அறை வரையுங்கள். பழைய செய்தித்தாளில் ஓரடிச் சதுரங்கள் 30 வெட்டிக்கொள்ளுங்கள்.

படி 2. கதை சொல்லுங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து வண்ணக் கலவை ஊற்றுவது, மேலே சிமென்டும் மணலும் போட்டு அமுக்குவது, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பது, காயவைப்பது என ஒவ்வொன்றையும் கையால் செய்து காட்டுங்கள். இங்கே அவசரமே வேண்டாம். பட்டறையில் வேலை பார்ப்பவர் வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால் அந்தப் பிள்ளையையே சொல்ல விடுங்கள். நம்மைவிட நன்றாகச் சொல்லும். பிறகு ஓர் ஆச்சி கல் வாங்க வருகிறார். அந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுங்கள்.

படி 3. ஆச்சி, பட்டறைக்காரர், வண்டிக்காரர் என மூன்று வேடம். மற்ற எல்லோரும் கல் பதிப்பவர்கள். தோளுக்கு ஒரு துண்டு போதும். கூச்சப்படும் பிள்ளைக்கு வண்டிக்காரர் வேடம் கொடுங்கள். பேச்சு குறைவு, வேலை அதிகம். ஆச்சி வேடம் ஒரே பிள்ளைக்கும், சுமக்கிற வேடம் இன்னொரு பிள்ளைக்கும் என்று நிலைத்துவிடவே கூடாது. ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள்.

படி 4. "எத்தனை கல்லு வேணும் ஆச்சி?"

"எனக்கென்னப்பா தெரியும்? நீயே அளந்து சொல்லு."

முதலில் ஒவ்வொன்றாகப் பரப்பி எண்ணுவார்கள். பரப்பட்டும். பெருக்கல் என்ற பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள். இரண்டு வரிசை முடிவதற்குள் "வரிசைக்கு ஆறு, நாலு வரிசை" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். வராவிட்டால், "ஒரு வரிசைக்கு எத்தனைப்பா?" என்று ஆச்சியைக் கேட்கச் சொல்லுங்கள்.

24 என்று வந்ததும் நீங்களும் ஒரு வேடத்தில் நுழையுங்கள்: "ஆச்சி, வழியில மூணு கல்லு உடைஞ்சுபோச்சு!" ஆசிரியரே பாத்திரமாக மாறும் இந்த உத்தியைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் டோரத்தி ஹீத்கோட் (1926–2011). பிள்ளைகளை வல்லுநர்களாக நடத்தினால் அவர்கள் பொறுப்போடு யோசிப்பார்கள் என்பது அவர் வழி.

படி 5. துண்டை எடுத்து வைத்துவிட்டு, கணக்கை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்து 7 அடிக்கு 5 அடி அறை. ஐந்தாம் வகுப்பானால் 10 அங்குலக் கல்லை வைத்து, 10 அடிக்கு 10 அடி அறைக்குக் கேளுங்கள். 144 வர வேண்டும்.