நாலு மணிப் பசிக்கு மதிய டப்பாவில் ஒரு தீர்வு

காலை 7.40-க்கு வீட்டை விட்டுக் கிளம்பி, தாம்பரத்தில் ரயில் பிடித்து, மதியம் 1.15-க்குச் சாப்பிடுகிற ஆள் நான். பல வருஷம் டப்பா நிறையச் சாதம், ஓரத்தில் இரண்டு கரண்டி உருளைக்கிழங்கு வறுவல் என்றுதான் கட்டிக்கொண்டு போனேன். இரண்டு மணிக்குக் கண் சொக்கும், நாலு மணிக்குப் பசி வந்துவிடும். டீக்கடைக்குப் போய் பஜ்ஜி சாப்பிடுவேன். இதை மாற்ற எனக்கு ஆறு மாதம் ஆனது. சமையல் ஓரளவு தெரியும். ஆனால் டப்பாவுக்குள் ஐந்தாறு மணி நேரம் இருக்கப்போகிற சாப்பாட்டைச் செய்வது தனி வேலை என்பது தெரியவில்லை. புதிதாக வேலைக்குப் போகிறவர்களும், முதல்முறை தனியாக வீடெடுத்துச் சமைக்கிறவர்களும் இதைப் பார்த்து அப்படியே செய்யலாம். சாதம் வைக்கவும் தாளிக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: அளவை மாற்றுங்கள்

ஒரு ஆளுக்கு அரிசி 60 கிராம், கருப்புக் கொண்டைக்கடலை 50 கிராம், காய் 150 கிராம், அப்புறம் ஒரு சின்னக் கிண்ணம் தயிர். அரிசியும் கடலையும் வேகவைப்பதற்கு முன் உள்ள எடை. முன்பு அரிசி மட்டுமே 150 கிராம் போட்டேன்.

50 கிராம் கடலையில் 9 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. அதே எடை அரிசியில் சுமார் 4 கிராம்தான். கடலையைத் தோலோடு சாப்பிடுவதால் நார்ச்சத்தும் சேர்கிறது, செரிக்க நேரமாகும், அதனால் பசி தள்ளிப்போகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், ஒரு நாள் கலோரியில் தானியத்தின் பங்கை 45 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. என் பழைய டப்பாவில் ஏறக்குறைய எல்லாமே தானியம்தான். நின்று நடந்து வேலை செய்கிறவர்கள் அரிசியை 90 கிராம் வரை கூட்டலாம். கடலையை மட்டும் குறைக்காதீர்கள்.

எடை பார்க்கும் சின்ன மெஷின் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். டம்ளர் கணக்கில் கை தானாக அரிசிப் பக்கம் சாய்ந்துவிடும்.

படி 2: இரவே ஊறவையுங்கள்

கடலையைக் கழுவி, மூன்று மடங்கு தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு எட்டு மணி நேரம். உப்புப் போட்டால் தோல் சீக்கிரம் மிருதுவாகும். ஊறவைக்க மறந்த நாளில் பச்சைப்பயறை ஊறவைக்காமலே குக்கரில் நாலைந்து விசில் விட்டு எடுக்கலாம்.

படி 3: வேகவைத்துத் தாளியுங்கள்

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் ஐந்தாறு விசில், பிறகு சிறு தீயில் பத்து நிமிடம். தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுக் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், துருவிய இஞ்சி போட்டுத் தாளித்து, ஈரம் வற்றும் வரை வதக்குங்கள். இறக்கியபின் எலுமிச்சைச் சாறு. தேங்காய் வேண்டாம். ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

படி 4: ஆறவிடுங்கள்

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். கடலைக்கு மாறிய முதல் வாரத்தில் இரண்டு நாள் சுண்டல் ஊசிப்போனது. டப்பாவைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் வியர்த்திருக்கும். ஸ்பூனால் எடுத்தால் நூல் விட்டது. அப்படியே கொட்டினேன். கடலை மேல் சந்தேகப்பட்டுக் கடையை மாற்றினேன். பிறகு எண்ணெயை மாற்றினேன். ஒன்றும் சரியாகவில்லை.

தப்பு மூன்று இடத்தில் இருந்தது. முதலாவது, அடுப்பிலிருந்து இறக்கியதும் ஆவியோடு மூடினேன். அந்த ஆவிதான் மூடியில் தண்ணீராகி மறுபடி சுண்டல் மேல் சொட்டுகிறது. இரண்டாவது, மூடிய டப்பாவில் சூடு மெதுவாகத்தான் இறங்கும். கைக்கு வெதுவெதுப்பாக இருக்கிற அந்த நிலையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சாதத்துக்கும் இது பொருந்தும், ஏனென்றால் அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. மூன்றாவது தேங்காய். பச்சைத் தேங்காயில் ஈரம் அதிகம், வெயில் காலத்தில் அது மதியம் வரை தாங்காது.

இப்போது சாதத்தையும் சுண்டலையும் தனித்தனித் தாம்பாளத்தில் ஒரு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மின்விசிறிக்கடியில் பதினைந்து நிமிடம் வைக்கிறேன். அதற்குள் குளித்துவிட்டு வந்துவிடலாம். புறங்கையால் தொட்டால் சூடு தெரியக்கூடாது. அதன்பிறகுதான் டப்பா. துடைத்துக் காயவைத்த டப்பாவாக இருக்கட்டும், உள்ளே ஈரம் வேண்டாம்.

அலுவலகத்தில் ஃபிரிட்ஜ் இருந்தால் போனதும் உள்ளே வைத்துவிடுங்கள். சாப்பிடும்போது ஆவி பறக்கச் சூடாக்குங்கள். இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு எனக்கு ஒருமுறைகூட ஊசிப்போகவில்லை.

படி 5: காய்

பீன்ஸ், அவரை, கொத்தவரை, கோஸ், கேரட். எதுவானாலும் தண்ணீர் வற்றிய பொரியலாகச் செய்யுங்கள். பூசணி, சுரைக்காய் நீர் விடும், அவற்றை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 6: தயிர் புளிக்காமல்

தயிர்சாதம் பிடித்தவர்கள் அந்த 60 கிராம் அரிசியில் பாதியைத் தயிர்சாதமாக்கலாம், அப்போது தனிக் கிண்ணத் தயிர் வேண்டாம். சாதத்தைக் குழைய மசித்து, காய்ச்சிய பால் ஒரு டம்ளர் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு ஸ்பூன் தயிர் கலந்து கிளம்புங்கள். சென்னை வெயிலுக்கு ஒரு மணிக்குள் அது தானே உறைந்து இனிப்பாக இருக்கும். நிறையத் தயிர் ஊற்றினால் மதியத்துக்குள் புளித்துப்போகும். கொதிக்கிற பாலில் தயிர் போட்டால் உறையாது. இந்த டப்பாவை மட்டும் காலையிலேயே ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்.

டப்பா எது வாங்குவது?

ரப்பர் வளையமும் கிளிப்பும் உள்ள எவர்சில்வர் டப்பா இரண்டு: 500 மில்லி ஒன்று, 300 மில்லி ஒன்று. தயிருக்குத் திருகு மூடி உள்ள சின்னது ஒன்று. பிளாஸ்டிக் எனக்கு ஆகவே ஆகாது. மஞ்சள் கறையும் பெருங்காய வாசமும் போகாது. ரப்பர் வளையத்தை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள், பழைய சாம்பார் வாசம் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். எவர்சில்வரை மைக்ரோவேவில் வைக்கக்கூடாது என்பதால் அலுவலக மேசையில் ஒரு பீங்கான் தட்டு வைத்திருக்கிறேன்.

சூடு தாங்கும் ஹாட் பேக் டப்பாவைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். சுண்டலுக்கும் பொரியலுக்கும் அது வேண்டவே வேண்டாம் என்பேன். மதியத்துக்குள் அதுவும் வெதுவெதுப்புக்குத்தான் வந்து நிற்கும். ரசமோ சாம்பாரோ கொண்டுபோக நல்ல ஃபிளாஸ்க் சரி, முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டு நிரப்புங்கள்.

அரிசிக்குப் பதில் சாமை

2023 சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவிக்கப்பட்டபோது நானும் சாமைக்கு மாறிப் பார்த்தேன். வீட்டில் சூடாகச் சாப்பிட ஒன்றுக்கு இரண்டரை பங்கு தண்ணீர் போதும். டப்பாவில் அது மதியத்துக்குள் மணல்போல் உதிர்ந்து தொண்டையில் அடைத்தது. ஆறும்போது மாவுச்சத்து இறுகுவதுதான் காரணம். அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று பங்கு தண்ணீர், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு வேகவைத்தால் சரியாக வருகிறது. எலுமிச்சை சாதமாகக் கிளறினால் இன்னும் நன்றாக இருக்கும்.

பின்சேர்க்கை 1: “பன்னிரண்டு விசில் விட்டும் கடலை கல் மாதிரி இருக்கிறது” என்று பின்னூட்டத்தில் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கேட்டுப் பார்த்தால் இருவர் வீட்டிலும் போர் தண்ணீர். போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பு வகைகளை வேகவிடாது. ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிக்கிற கேன் தண்ணீரையே பயன்படுத்துங்கள். அப்படியும் வேகாவிட்டால் கடலை பழையது, ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடலாம். எழுதும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும்.

பின்சேர்க்கை 2: தினமும் ஊறவைக்க முடியாதவர்களுக்கு. சனி இரவு 250 கிராம் ஊறவைத்து, ஞாயிறு வேகவைத்து ஐந்து பங்காகப் பிரியுங்கள். திங்கள், செவ்வாய்ப் பங்கு ஃபிரிட்ஜில், மற்ற மூன்றும் ஃபிரீசரில். புதன்கிழமைப் பங்கைச் செவ்வாய் இரவே கீழே இறக்கி வைத்துவிடுங்கள், காலையில் தாளித்தால் போதும்.

பின்சேர்க்கை 3: கடலை வாயு என்று பயப்படுகிறவர்கள் முதல் இரண்டு வாரம் பச்சைப்பயறு 30 கிராமில் தொடங்குங்கள், பிறகு மெல்லக் கூட்டலாம். மேன்ஷனில் தங்கி அலுவலகத்திலும் ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் கோடையில் புளிசாதம், எலுமிச்சை சாதம் பக்கம் போய்விடுங்கள். கடலைக்குப் பதில் தோலோடு வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, அவித்து உரிக்காத முட்டை இரண்டு. முட்டையை அன்று காலையே அவித்து, ஆறியதும் துடைத்து, ஓட்டோடு கொண்டுபோய்ச் சாப்பிடும் நேரத்தில் உரியுங்கள். ஓட்டில் விரிசல் விழுந்துவிட்டால் அந்த முட்டையை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.